1711 எண் பெட்டி



ரயில் கேட்டில் நிற்கும்போது சரக்கு வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண் எழுதியிருக்கும். இன்று 1711 என்ற எண் போட்ட ஒரு பெட்டியின் கதையைக் கேளுங்கள்.

ஆண்டு 1921. அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆங்கில ஆட்சியையும் நிலப்பிரபுக்களையும் எதிர்த்து ஆகஸ்ட் மாதம் அங்கே கலகம் வெடித்தது. கலகம் செய்தவர்களில் பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். ஏழைக் குடியானவர்கள். அரசு ராணுவச் சட்டம் போட்டது. ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. ஜெயில்கள் நிரம்பின. கைதிகளைத் தொலைவில் உள்ள பெல்லாரி ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

நவம்பர் 19, மாலை நேரம். திரூர் ரயில் நிலையத்தில் சுமார் 100 கைதிகளை ஒரே பெட்டியில் ஏற்றினார்கள். அது ஆள் ஏறும் பெட்டி அல்ல. சாமான் ஏற்றும் மூடிய பெட்டி. சாமானுக்குக் காற்று எதற்கு? ஜன்னல் கிடையாது. காற்றுக்காகக் கம்பி வலை வைத்த துளைகள் மட்டும் இருந்தன. அவற்றையும் பெயிண்டும் தூசியும் அடைத்திருந்தன. கதவை வெளியே பூட்டினார்கள்.

வண்டி கிளம்பியது. உள்ளே வெக்கை. உட்கார இடமில்லை. தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள், சுவரைத் தட்டினார்கள். வழியில் ஷொரணூரிலும் ஒலவக்கோட்டிலும் வண்டி நின்றது. ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருந்ததாம். அதில் மூக்கை வைத்து மாறி மாறி மூச்சு விட்டோம் என்று பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

நள்ளிரவு தாண்டி, கோயம்புத்தூர் பக்கம் போத்தனூரில் கதவைத் திறந்தார்கள். 56 பேர் பிணமாகக் கிடந்தார்கள். பிறகு மருத்துவமனையிலும் பலர் செத்தார்கள். அரசுக் கணக்குப்படி மொத்தம் 70 பேர். அவர்களில் சில இந்துக்களும் உண்டு. பிணங்களை வந்த வழியே திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே ஊர் மக்கள் அடக்கம் செய்தார்கள்.

நாடே கொதித்தது. அரசு விசாரணைக் குழு வைத்தது. நேப் என்ற ஆங்கில அதிகாரி அதற்குத் தலைவர். அதற்கு முன்பும் பலமுறை இப்படி மூடிய பெட்டிகளில் கைதிகளை அனுப்பியது விசாரணையில் தெரிந்தது. அன்றைக்குத்தான் உயிர் போனது, அவ்வளவுதான். காவலுக்குப் போன சார்ஜென்ட் மீது வழக்குப் போட்டார்கள். அவர் விடுதலை ஆகிவிட்டார். செத்தவர் குடும்பத்துக்கு 300 ரூபாய் கொடுத்தார்கள்.

திரூர் மக்கள் அந்தப் பெட்டியை மறக்கவில்லை. ஊரின் டவுன்ஹாலுக்கே 'வாகன் டிராஜெடி' நினைவு மண்டபம் என்று பெயர் வைத்தார்கள். வாகன் என்றால் சரக்குப் பெட்டி. டிராஜெடி என்றால் பெருந்துயரம். 2018 நவம்பரில் திரூர் ரயில் நிலையச் சுவரில் இந்தக் காட்சியைப் படமாக வரைந்தார்கள். சிலர் எதிர்த்தார்கள். ரயில்வே உடனே படத்தை அழித்துவிட்டது. மண்டபத்தின் பெயரை யாரும் அழிக்கவில்லை.