கடை சிறிது, கடமை பெரிது
(சுயதொழில் தொடங்குவோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம் தோட்டத்துப் பிள்ளைகள் யட்டியாந்தோட்டை பஜார் பக்கம் அரைக்கிற மில், வெல்டிங் பட்டறை போட முன்வருவது மிகவும் சந்தோஷம். ஆனால் ஒன்று. மருந்தடிக்கப் போகும்போது கையுறை எங்கே, பூட்ஸ் எங்கே என்று துரையிடம் கேட்டவர்கள் நாம். இனி உங்களிடம் வேலைக்கு வருகிற பையன் அதே கேள்வியை உங்களிடம் கேட்பான்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்து ஸ்டோருக்கு மட்டும் என்று நினைக்காதீங்க. சின்னப் பட்டறைக்கும் அது உண்டு. மில் பெல்ட்டுக்கு மூடி போடுங்க. சேலைத் தலைப்பு சிக்க ஒரு நொடி போதும். வெல்டிங் செய்பவருக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுங்க. முதலுதவிப் பெட்டி கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். 16 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்காதீங்க. 2021 முதல் அதுதான் சட்டம்.

வேலையாள் அடிபட்டு மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், மறைக்காமல் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வேலையில் நடந்த விபத்துக்கு நட்டஈடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டம். அந்த முதலாளி இப்போது நீங்கதான்.

மூடிக்குப் போகிற காசை உழைத்து எடுக்கலாம். போன விரலை எடுக்க முடியாது.