ஓட்டுநருக்கு மட்டுந்தானா உரிமம்?

லாரிக்குக் கூடு கட்டும் நாமக்கல்லிலும், சங்ககிரியிலும், சேலத்திலும் ஸ்டியரிங் பிடிக்கும் கரங்களுக்கு உரிமம் புதியதன்று. எட்டாம் வகுப்புத் தேறாதார்க்கு வாடகை வண்டி உரிமம் இல்லையென்ற விதி 2019-இல்தான் ஒழிந்தது. (கல்லூரியை முடிக்காத என்னை மேடை தடுக்கவில்லை, வண்டியோட்டியைத்தான் தடுத்தார்கள்!)

அதே ஆண்டின் சட்டத் திருத்தம், செயலிவழி வண்டி அனுப்பும் நிறுவனமும் மாநில அரசிடம் உரிமம் பெற்றாக வேண்டுமென்றது. 2025-இல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதல், ஓட்டுநரிடம் காவல்துறைச் சரிபார்ப்பும், மருத்துவச் சோதனையும், 40 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறது. கேட்கட்டும், பயணியின் உயிர் பெரிது! அதே ஏடு நிறுவனத்திடம் கேட்பதென்ன? சொந்த வண்டி ஓட்டுவோர்க்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு. 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு!

வழிகாட்டுதல் என்பது அறிவுரை. மாநிலம் விதியாக்கினால்தான் அதற்குப் பல் முளைக்கும். சேலம் புதிய பேருந்து நிலையத்தருகே சவாரிக்குக் காத்திருக்கும் ஓட்டுநரிடம் இரண்டு பட்டியலையும் படித்துக் காட்டுங்கள்.