இயற்கையும் வளர்ப்பும்



ஆண், பெண் என்னும் உணர்வு பிறப்பில் அமைவதா, வளர்ப்பில் அமைவதா? இவ்வினாவுக்குக் கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு குழந்தையின் வாழ்வே விலையாயிற்று.

1965-ல் இரட்டையருள் ஒருவராகப் பிறந்த டேவிட் ரைமர், எட்டாம் மாதத்தில் முன்தோல் நீக்கும் சிகிச்சையின்போது மின்கருவியின் சூட்டால் ஆணுறுப்பை இழந்தார். வளர்ப்பே பாலின உணர்வை வகுக்கும் எனக் கருதிய உளவியலாளர் ஜான் மணி, பெண்ணாக வளர்க்குமாறு பெற்றோருக்கு ஆலோசனை கூறினார். பெயரும் உடையும் மாற்றப்பட்டன. பருவ வயதில் பெண்மைக்குரிய ஹார்மோனும் கொடுக்கப்பட்டது. குழந்தையோ அவ்வுடையை வெறுத்தது. பள்ளியில் தனித்து நின்றது. ஆயினும் முயற்சி வெற்றியென்றே மணி எழுதினார். 1980-ல் தந்தை உண்மையைக் கூறியதும் டேவிட் ஆணாகவே வாழத் தொடங்கினார். 2004-ல், 38ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒருவர் வாழ்வைக் கொண்டு எல்லாருக்கும் தீர்ப்புக் கூறலாகாது. எனினும் பேச்சையும் பழக்கத்தையும் ஒழுக்கத்தையும் கற்பிக்கும் வளர்ப்பு, உள்ளுணர்வைத் தன் விருப்பப்படி எழுதிவிட இயலாது என்பதை இதிலிருந்து உணர்கிறோம். ஆகவே, நம் பிள்ளைகளுள் ஒருவர் வேறுபட்டுத் தோன்றினால் அடிக்கவோ, ஏளனம் செய்யவோ, வீட்டைவிட்டு விரட்டவோ வேண்டாம். அவர் சொல்வதை முதலில் செவிமடுப்போம்; உண்மையை அவரிடம் மறைக்காதிருப்போம். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ?