கரடி நடமாடும் காட்டில்



ஆனி மாதத்தில் வன்னிக் காட்டுக்குள் சென்று வந்தவர்கள் பாலைப்பழத்தின் சுவையை மறந்திருக்கமாட்டார்கள். மஞ்சள் மஞ்சளாய்ப் பழுத்துக் கிடக்கும் அச்சிறு பழங்களைத் தின்னத் தின்ன, உதடுகள் பாலினால் ஒட்டிக்கொள்ளும். அப்பழத்தின்மீது நம்மினும் பெருவிருப்புக் கொண்ட விலங்கு ஒன்றுண்டு. அதுவே கரடி. பாலை மரத்தடியில் மனிதனும் கரடியும் எதிர்ப்படுதல் நம் நாட்டுக் காடுகளில் புதுமையன்று. அச்சந்திப்பு விபரீதமாக முடியாதிருக்க நாம் செய்யத்தக்கது யாது என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

இலங்கையில் வாழ்வது ஒரேயொரு கரடி இனமே. வில்பத்து, யால, வன்னி முதலிய உலர்வலயக் காடுகளே அதன் உறைவிடம். ஆகவே மலைநாட்டில் உலாவச் செல்வோர் கரடிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இக்கரடி மனிதனை உணவாகக் கொள்வதில்லை. கறையானும் தேனும் கனிகளுமே அதன் உணவு. மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு அதற்கு இல்லை. அவ்விடைவெளியினூடாகப் புற்றிலுள்ள கறையான்களை உறிஞ்சி இழுக்கின்றது. புற்றைத் தோண்டுவதற்கென அமைந்தவை அதன் நீண்டு வளைந்த நகங்கள்.

அவ்வாறாயின், அது மனிதனை ஏன் தாக்குகின்றது? கரடியின் மோப்பம் கூர்மையானது, கண்பார்வையோ மங்கல். புற்றை உறிஞ்சும்போது எழும் பேரோசையில், நாம் நடந்து வரும் அரவம் அதற்குக் கேட்பதில்லை. காற்றும் எதிராக வீசுமாயின் நம் வாடையும் எட்டாது. திடீரெனச் சில பாகங்களுக்கு அப்பால் மனிதன் தோன்றும்போது கரடி திடுக்கிடுகின்றது. திடுக்கிட்ட கணமே பாய்கின்றது. முதுகிலே குட்டிகளைச் சுமந்து செல்லும் தாய்க்கரடியானால் அதன் மூர்க்கம் இருமடங்காகும். தாக்குண்டோர் பெரும்பாலும் முகத்திலும் தலையிலுமே காயமடைகின்றனர்.

எனவே, கரடியைத் திடுக்கிட வைக்காதிருத்தலே முதற் பாதுகாப்பு. தனியே செல்லாதீர்கள். பற்றைக்காடுகளையும் பாறைக் குகைகளையும் அணுகும்போது உரக்கப் பேசிக்கொண்டே செல்லுங்கள். நம் குரல் கேட்ட கரடி பெரும்பாலும் தானே விலகிவிடும். புதிதாகத் தோண்டிய புற்றைக் கண்டால் வேறு வழியை நாடுங்கள். தேசிய வனங்களில் அனுமதிக்கப்பட்ட இடத்திலன்றி வாகனத்தைவிட்டு இறங்காதீர்கள்.

கூடாரமடித்துத் தங்குவோர் பழுத்த பாலை மரத்தடியையும் நீர்நிலையின் கரையையும் தவிர்த்தல் வேண்டும். தேனையும் பழங்களையும் படுக்குமிடத்தில் வைத்தலாகாது. கரடி இரவிலேதான் மிகுதியாக நடமாடும். ஆதலின், இருளில் மின்சூள் இன்றி வெளியே ஓரடியும் வைக்காதீர்கள்.

கரடியை எதிரே கண்டுவிட்டால் ஓடாதீர்கள். அது நம்மினும் விரைந்து ஓடும். மரத்தில் ஏறுவதும் பயனில்லை. தேனுக்காகவும் பழத்துக்காகவும் மரமேறிப் பழகிய விலங்கு அது. முகத்தை அதன் பக்கமே வைத்தபடி மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். அதனையும் மீறிப் பாய்ந்து பற்றிவிடுமாயின், குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியிலே கோத்து, முகத்தை நிலத்தோடு மறைத்து அசையாதிருங்கள். அச்சம் தணிந்ததும் அது அகன்றுவிடக்கூடும். அது வெகுதூரம் சென்ற பின்னரே எழுந்திருங்கள்.

இவற்றையெல்லாம் நாம் அறிந்திருத்தல் நம் உயிருக்கு மட்டுமன்று, கரடியின் உயிருக்கும் காவலாகும். ஒருவரைக் கரடி தாக்கிவிட்டால், அடுத்துக் கண்ணிற்படும் கரடியைக் கொல்லத் துப்பாக்கி எழுகின்றது. நம் தீவில் எஞ்சியுள்ள கரடிகளோ ஆயிரத்துக்கும் குறைவென மதிப்பிடப்படுகின்றது. காட்டுக்குள் நாம் விருந்தினர். பிறர் வீட்டு வாயிலிலே நின்று குரல் கொடுத்தபின் உள்ளே செல்வது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தைக் காட்டிலும் கைக்கொள்வோமாயின், கரடிக்கும் நமக்கும் தீங்கில்லை.