திறவாத பூட்டு



பூட்டு ஒரு விந்தையான காவலாளி. அது ஊதியம் கேளாது. இரவு முழுவதும் விழித்திருக்கும். ஆயினும், உரியவனையும் கள்வனையும் முகம் பார்த்துப் பிரித்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. திறவுகோலின் பற்களை மட்டுமே அது அறியும். அந்த அறிவும் பழுதுபடின், உரியவனே தன் உடைமைக்கு வெளியே நின்று தவிக்க நேரிடுகின்றது.

இத்தகைய தவிப்பு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் தொழிலாளர் பலருக்கு நன்கு பழக்கமானது. அந்நாடுகளில் தச்சர், குழாய் பொருத்துவோர், மின்தொழிலாளர், கமக்காரர் முதலியோருக்குப் பிக்கப் எனப்படும் சிறு லொறியே வலக்கை. போட் நிறுவனம் 1925 ஆம் ஆண்டில், தன் புகழ்பெற்ற டீ மாதிரி மோட்டார் வண்டியின் பின்புறத்தில் பொருள் ஏற்றும் தட்டை ஆலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அவ்வகை வண்டி பெருகிற்று. திறந்த தட்டில் வைத்த பொருள் மழையிலும் பனியிலும் நனையும். கள்வர் கையிலும் அகப்படும். ஆதலால், அலுமினியத்தால் அல்லது கண்ணாடி இழையால் ஆன கூடு ஒன்றை அத்தட்டின்மேல் கவிழ்த்துப் பொருத்துகின்றனர். அக்கூட்டின் பின்புறத்தில், மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவொன்று உண்டு. அக்கதவின் சிறு பூட்டே இன்றைய பேச்சின் பொருள்.

உறைபனிக் காலத்தில், விடியற்காலையில் ஒரு தச்சன் வேலைக்குப் புறப்படுகின்றான். வாளும் துறப்பணமும் உளியும் கூட்டினுள்ளே இருக்கின்றன. பூட்டோ திறக்கவில்லை. கருவி இன்றேல் வேலை இல்லை. வேலை இன்றேல் அன்றைய கூலியும் இல்லை. அவன் சினந்து திறவுகோலை முறுக்குகின்றான். அது முறிந்து பாதி உள்ளே தங்கிவிடுகின்றது. சிறு தடையாயிருந்தது பெருஞ்சேதமாகிறது. வலிமை தோற்கும் இடத்தில் வெல்லக்கூடியது பூட்டின் அமைப்பைப் பற்றிய அறிவு ஒன்றே.

அவ்வமைப்பு கடினமானதன்று. கைபிடியின் நடுவே ஓர் உருளை இருக்கின்றது. அதனுள் மெல்லிய பித்தளைத் தகடுகள் சில வரிசையாக உள்ளன. சிறு வில்கள் அவற்றை வெளியே தள்ளி, உருளையைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. உரிய திறவுகோல் நுழையும்போது, ஒவ்வொரு தகடும் தனக்குரிய அளவு நகர்ந்து உருளைக்குள் அடங்குகின்றது. தகடு ஒன்றேனும் மயிரிழை அளவு வெளியே நின்றால் உருளை சுழலாது. பண்டை எகிப்தியர் மரத்தாற் செய்த பூட்டிலும் இதனை ஒத்த முறையே இருந்தது. லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் 1861 ஆம், 1865 ஆம் ஆண்டுகளிற் காப்புரிமை பெற்ற ஊசிப் பூட்டும் அவ்வழியில் வந்ததே. உருளை சுழன்ற பின்னரே கைபிடி திரும்பும். கைபிடி திரும்பும்போது, அதனோடு இணைந்த இரு கம்பிகள் இழுபட்டு, கதவின் இருபுறத்துத் தாழ்களையும் விடுவிக்கும்.

ஆகவே, பூட்டு திறவாதபோது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். திறவுகோல் முழுவதும் உள்ளே செல்கின்றதா? சென்றால், சுழல்கின்றதா? சுழன்றால், கைபிடி திரும்பித் தாழ்களும் விடுகின்றனவா? எவ்வினாவுக்கு இல்லை என்னும் விடை வருகின்றதோ, அவ்விடத்திலேதான் நோய் இருக்கின்றது.

திறவுகோல் உள்ளே செல்லாவிடின், துளையில் தூசியோ பனிக்கட்டியோ அடைத்திருக்கலாம். பனிக்கட்டியாயின், அதனை உருக்குவதற்கென விற்கப்படும் மதுசாரக் கலவையைச் சிறிது செலுத்தலாம். திறவுகோலை மிதமாகச் சூடாக்கியும் நுழைக்கலாம். கொதிநீரை ஊற்றுதல் தகாது. குளிர்ந்த கண்ணாடி வெடித்துவிடும்; ஊற்றிய நீரும் மீண்டும் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

உள்ளே சென்றும் சுழலாவிடின், தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவது அந்நாடுகளின் வழக்கம். அவ்வுப்புநீர் பூட்டினுட் புகுந்து கறளை வளர்க்கின்றது. பழைய கிறீஸும் தூசியோடு கலந்து பிசினாகின்றது. ஊடுருவும் எண்ணெயைச் சிறிது செலுத்திச் சற்றுநேரம் பொறுத்து, திறவுகோலைப் பலமுறை மெல்ல நுழைத்து எடுத்து, கைபிடியை இலேசாகத் தட்டினால் தகடுகள் இளகும். இன்று பலரும் முதலில் நாடும் டபிள்யூ டி 40 என்னும் திரவம் 1953 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலே, ஈரத்தை அகற்றிக் கறளைத் தடுக்கும் பொருட்டு உருவாக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியிற் கைகூடியதால் அவ்வெண் பெயரில் நிலைத்தது. அது கறளை இளக்கும். நெடுங்காலம் வழுக்கும் தன்மையை அளிக்காது. அதற்கு உலர்ந்த காரீயத் தூளே உகந்தது. நமது நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படும் அதே கனிமந்தான் காரீயம். ஆயின், எண்ணெயையும் காரீயத்தையும் ஒருங்கே இடுதல் ஆகாது. இரண்டும் குழைந்து சேறாகி, முன்னிருந்த தடையினும் பெரிய தடையாகும். எண்ணெயைப் போக்கி உலர்த்திய பின்னரே தூளை இடவேண்டும். தேய்ந்த திறவுகோலும் இதே இடரைத் தரும்; அதனைப் பார்த்துச் செய்த படி அத்தேய்வையும் சேர்த்தே பெறும். ஆதலால் வேறொரு நல்ல திறவுகோல் இருப்பின், முதலில் அதனையே பயன்படுத்திப் பார்த்தல் நன்று.

திறவுகோல் சுழன்றும் கைபிடி திரும்பாவிடின், பெரும்பாலும் குற்றம் பூட்டினுடையதன்று. கதவின் விளிம்பிலுள்ள இறப்பர்ப் பட்டை கதவை வெளியே தள்ள, தாழ்கள் இறுகிக்கொள்கின்றன. இந்நிலையில் எவரும் கதவைத் தம்பக்கம் இழுக்கவே முனைவர். இழுக்க இழுக்கத் தாழ் மேலும் இறுகும். உள்ளங்கையால் கதவை உள்நோக்கி அழுத்திக்கொண்டு கைபிடியைத் திருப்பினால், தாழின் பாரம் குறைந்து அது எளிதில் விடும். கைபிடி திரும்பியும் ஒருபுறம் மட்டும் திறவாவிடின், அப்புறத்துக் கம்பி கழன்றிருக்கலாம் அல்லது வளைந்திருக்கலாம். கூட்டின் முன்புறத்திலோ பக்கத்திலோ திறக்கக்கூடிய சாளரம் உண்டாயின், அதன் வழியே கைநீட்டிக் கம்பியை நேரே இழுக்கலாம். இவை யாவும் பயன்படாவிடின், உருளையைத் துளைத்தெடுத்துப் புதியது பொருத்துதலே இறுதி வழி. அவ்வேலை பூட்டுத் திருத்துவோனுக்கு உரியது. அவனுக்குக் கொடுக்கும் கூலி, உடைந்த கண்ணாடிக் கதவின் விலையினும் குறைவாகவே இருக்கும்.

பொருள் இழப்பினும் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பயணம் செல்வோர் சிலர் இக்கூட்டினுள்ளேயே படுத்துறங்குகின்றனர். நாயை அங்கே விட்டுச் செல்வோரும் உளர். இக்கதவுகள் யாவும் உள்ளிருந்து திறக்கத்தக்கனவாக அமைந்தவை அல்ல. வெயிலிலே மூடிய கூடு விரைவில் வெப்பமேறும். உள்ளே உயிர் இருக்கும்போது பூட்டு மறுத்தால், பொறுமைக்கு இடமில்லை. கண்ணாடியை உடைப்பதே கடமை. அந்நிலை வாராதிருக்க, உள்ளே உறங்க எண்ணுவோன் முதலில் உள்ளிருந்தபடியே கம்பியை இழுத்துக் கதவைத் திறந்து பழகிக்கொள்ளல் வேண்டும்.

பனிக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் துளையைத் துடைத்துக் காரீயமிட்டு, கம்பிகளையும் பட்டையையும் பார்த்துக்கொள்வோனுக்கு மேற்கூறிய இடர்கள் அரிதாகவே நேரும். அதற்குச் செலவாவது சில நிமிடங்களே. அவ்வளவு கவனம் பெற்ற பூட்டு, குளிர்ந்த விடியற்காலையிலும் தன் உரியவனுக்கு வழிவிடும்.