பழனி வரைக்கும் பதினோராயிரம் மிதி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

எனக்கு ஒதுக்கியிருப்பது கால் மணி நேரம். அடுத்து சாப்பாடு என்று அறிவித்துவிட்டார்கள். திண்டுக்கல்லில் பிரியாணி வாசனையோடு போட்டி போட்டுப் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வருகிற தை மாதத்தில் நம் சங்கத்தார் இருபது பேர் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு சைக்கிளில் போவது என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அதற்குத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் விட்டார்கள். "நீதான் இன்ஜினீயர் ஆச்சே" என்றார்கள். இந்த மண்டபத்தில் எல்லோருமே இன்ஜினீயர்தான். மாட்டியது நான்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் சைக்கிளில் சுற்றியதைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார்கள். 1843ல் திறந்த டிவோலி பூங்கா முழுக்க விளக்கு அலங்காரம், வழியெல்லாம் சூடான பானம், சைக்கிளுக்கென்றே தனிப்பாதை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டரைக்கு மேல்தான் விடிகிறது. மாலை மூன்றே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். மொத்தம் ஏழு மணி நேரப் பகல். நமக்கோ ஜனவரி நடுவில் காலை 6.40க்கு சூரியன் உதித்தால் மாலை 6.15 வரை வெளிச்சம் இருக்கிறது. பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது, வியர்த்துக் கொட்டாத வெயில் இருக்கிறது, ஊரே திருவிழாவாக இருக்கிறது. அப்புறம் நாம் ஏன் டென்மார்க்கைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும்?

முதலில் தேதி. தைப்பூசம் நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் பார்த்து வருவது. 2024ல் ஜனவரி 25, 2025ல் பிப்ரவரி 11, 2026ல் பிப்ரவரி 1 என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் லீவு போட்டுவிடாதீர்கள். பழனியில் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேற்றி, ஏழாம் நாள் பூசத்தன்று தேர், பத்தாம் நாள் தெப்பம். நம்மில் பலருக்குத் தேரன்றைக்குப் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. நான் வேண்டாம் என்கிறேன். கொடியேற்றத்துக்கு முந்தின சனி, ஞாயிறுதான் என் சிபாரிசு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இந்தப் பேச்சில் முக்கியமானதே அதுதான்.

அடுத்து தூரம். திண்டுக்கல் – பழனி சுமார் 60 கிலோமீட்டர். பாதி வழியில் ஒட்டன்சத்திரம். வழியில் மலையேற்றம் எதுவும் கிடையாது. அங்கங்கே லேசான மேடு பள்ளம், அவ்வளவுதான். நம் ஊர் சாதா சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். அப்படியானால் பழனி வரைக்கும் மொத்தம் சுமார் 11,000 மிதி. நிமிடத்துக்கு 46 மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர். இது நிதானமான வேகம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்கலாம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதற்கு மீட்டர் எதுவும் தேவையில்லை.

வேகத்தைக் கூட்டலாமே என்று தம்பிமார்கள் கேட்பார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது என்று இரண்டாம் வருஷத்தில் படித்திருக்கிறோம். பதினைந்து கிலோமீட்டரை இருபதாக்கினால் காற்றுக்காக மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் திறன் செலவாகும். மிச்சமாவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு பழனியில் என்ன செய்யப் போகிறோம்? காலை நீட்டிப் படுக்கத்தான் போகிறோம்.

காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பழனி மேற்கே இருக்கிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று மூஞ்சியில் அடிக்கும். அப்போது கிளம்பினால் ஒட்டன்சத்திரத்தோடு வைராக்கியம் தீர்ந்துபோகும். மார்கழி, தையில் வாடைக்காற்று. கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவதால் போகும்போது முதுகைத் தள்ளிவிடும். காலையில் சூரியனும் முதுகுக்குப் பின்னால்தான், கண் கூசாது. திரும்பி வரும்போது இரண்டும் எதிரியாகிவிடும். அதனால் போவது சைக்கிளில், வருவது ரயிலில். சைக்கிள்களை ஒரு மினி லாரியில் கட்டி ஏற்றிவிடலாம். இருபது சைக்கிளை ஒரே ரயிலில் ஏற்ற, வண்டி நிற்கிற நேரம் போதாது.

எந்த சைக்கிள்? இருபது கியர் உள்ள சைக்கிள் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கொண்டு வரலாம். ஆனால் வழியில் பஞ்சரானால் ரெட்டியார்சத்திரத்துக் கடைக்காரர் அண்ணன் அந்த டியூபைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பார். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா மிதிவண்டிகளால் சாதா சைக்கிளுக்கு எந்தக் கிராமத்திலும் சாமான் கிடைக்கும். கியர் சைக்கிள்காரர்கள் மாற்று டியூப் இரண்டு எடுத்து வர வேண்டும். குழுவுக்குப் பொதுவாக பம்ப், பஞ்சர் சொல்யூஷன், உப்புத்தாள், வால்டியூப், ஸ்பேனர், ஒரு பிரேக் கம்பி. இவ்வளவும் ஒரு பையில் அடங்கிவிடும்.

சீட் உயரம் முக்கியம். குதிகாலை மிதியில் வைத்து, மிதி கீழே இருக்கும்போது கால் நீட்டாக வர வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். தாழ்வான சீட்டில் அறுபது கிலோமீட்டர் மிதித்தவர் மலைப்படி ஏற முட்டி சம்மதிக்காது. பழனி மலைக்கு 693 படி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வின்ச்சும் ரோப் காரும் இருக்கின்றன. அதில் போனால் யாரும் கிண்டல் செய்யக் கூடாது என்பது குழு விதி.

நாற்காலியில் உட்கார்ந்தே பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள் நாம். கார்த்திகையிலேயே பழக ஆரம்பிக்க வேண்டும். வாரம் மூன்று நாள், முதல் இரண்டு வாரம் பத்துப் பத்து கிலோமீட்டர். அப்புறம் இருபது. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது. அந்த நாற்பதை முடித்தவர் அறுபதும் முடித்துவிடுவார். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.

அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 1991–92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில். கல் உடைக்கிறவர்களும் வயல்வேலைக்குப் போகிறவர்களும் கற்றுக்கொண்ட வித்தை அது. நீங்கள் "நாங்க கார்ல பின்னாடி வர்றோம்" என்று சொல்லிவிடாதீர்கள். நிற்கிற இடங்களை எல்லாம் நல்ல கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் குறிக்கப் போகிறேன்.

இப்போது வழி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. எட்டு மணிக்கு ரெட்டியார்சத்திரம், டீ. ஒன்பதரைக்கு ஒட்டன்சத்திரம், இட்லி, பொங்கல், ஒரு மணி நேர ஓய்வு. கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிற பெரிய சந்தை ஊர் அது. லாரி நடமாட்டம் அதிகம், எச்சரிக்கை தேவை. பிறகு விருப்பாட்சி. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த பாளையம். அந்தப் பாளையத்தின் கோபால நாயக்கரை 1801ல் வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்டார்கள். அங்கே ஐந்து நிமிடம் நிற்பது நம் கடமை. விருப்பாட்சி மலைவாழைக்கு 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆளுக்கு இரண்டு பழம் சாப்பிடுவதும் கடமை. அடுத்து சத்திரப்பட்டி, ஆயக்குடி. ஆயக்குடி கொய்யாவைச் சாலையோரத்தில் வாங்கி உப்பு, மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுவிட்டு மிதித்தால் ஒரு மணிக்குள் பழனி. வழி முழுக்க மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். பிரியாணி பயணம் முடிந்து ஞாயிறு இரவு, திண்டுக்கல்லில்.

பழனியில் கிரிவீதிக்குள் வண்டி விட மாட்டார்கள். சைக்கிளைத் தங்குமிடத்திலேயே பூட்டிவிட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. போட்டோ எடுக்கிற ஆசையை ஆயக்குடியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் வருகிற ஊர்ப்பெயர்களைக் கவனித்தீர்களா? ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. எத்தனை சத்திரம்! நடந்து போகிறவன் அலுத்து உட்காருகிற தூரத்துக்கு ஒரு சத்திரம். இந்தச் சாலை யாருடையது என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி எடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறார்கள். மார்கழியிலேயே ஆரம்பித்துவிடும் கூட்டம், பூசம் நெருங்க நெருங்க லட்சக்கணக்கில் பெருகும். வெறுங்காலோடு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, ராத்திரி பகலாக நடப்பார்கள்.

நான் தேரன்றைக்கு வேண்டாம் என்றது இதனால்தான். அந்த நாளில் அந்தச் சாலையோரத்தில் ஒரு அடி இடமும் அவர்களுக்குத் தேவை. நாம் இருபது பேர் மணி அடித்துக்கொண்டு நுழைந்தால் நடக்கிறவர் ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவார்? லாரி வருகிற பக்கம். நம் இரண்டு நாள் சந்தோஷத்துக்காக அவரை அந்தப் பக்கம் தள்ள நமக்கு உரிமை இல்லை. முந்தின வாரமும் நடப்பவர்கள் இருப்பார்கள்தான். அதற்கு நான்கு விதி வைத்திருக்கிறேன். ஒன்று, ஐந்து ஐந்து பேராக, ஒற்றை வரிசையில், குழுவுக்குக் குழு இருநூறு மீட்டர் இடைவெளி. இரண்டு, பாதயாத்திரைக்காரர்களுக்கென்று போட்டிருக்கிற நடைபாதையில் எந்தக் காரணத்துக்காகவும் சைக்கிள் ஏறக் கூடாது. மூன்று, கூட்டம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். நான்கு, இருட்டில் ஒருவரும் மிதிக்கக் கூடாது.

இருட்டு பற்றி ஒரு கணக்கு சொல்லி முடிக்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் போகும். நடந்து போகிறவர் முப்பது மீட்டரில்தான் டிரைவர் கண்ணில் படுகிறார் என்றால், கிடைப்பது இரண்டு நொடிகூட இல்லை. பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு நொடி வேண்டும். அதே ஆள் முதுகில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒன்று இருந்து, நூற்றைம்பது மீட்டரிலேயே தெரிந்தால் ஒன்பது நொடி கிடைக்கிறது. இரண்டு நொடிக்கும் ஒன்பது நொடிக்கும் நடுவில் இருப்பது ஒரு குடும்பம். ஒவ்வொரு வருஷமும் பூச சமயத்தில் பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டிப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

கமிட்டி இந்தப் பயணத்துக்கு, சங்கத்தின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட், தொப்பி, ஷீல்டு என்று ஒரு தொகை ஒதுக்க நினைத்திருக்கிறது. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். நமக்கு டி-ஷர்ட் வேண்டாம். பழைய சட்டையே போதும். அந்தத் தொகை முழுவதுக்கும் ஒளிரும் பட்டை வாங்குவோம். ஒவ்வொரு சைக்கிள் கேரியரிலும் ஒரு கட்டு. வழியில் நடக்கிறவர்களை நிறுத்தி, பையிலும் முதுகிலும் ஒட்டிவிட்டுக்கொண்டே போவோம். அதனால் ஒரு மணிக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் மூன்று மணிக்குப் போய்ச் சேருவோம். பரவாயில்லை, அப்போதும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஏழு மணிக்குப் புறப்பாடு வைத்திருக்கிறேன்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. வருகிறவர்கள் பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எழுதுங்கள். வர முடியாதவர்கள் எத்தனை பட்டைக்குப் பணம் தருகிறீர்கள் என்று எழுதுங்கள். சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். பிரியாணிக்குப் பிறகு திண்டுக்கல்லில் யாரும் பேனா பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.