கனவில் படித்த பிள்ளைகள்



மட்டாஞ்சேரி கடைத்தெருவில் நடந்தால் மிளகு வாசனை வரும். சுக்கு வாசனை வரும். இங்கு வரும் மிளகில் வயநாட்டு மிளகும் உண்டு. வயநாடு இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். அங்கே தோட்டத்திலும் வயலிலும் உழைத்தவர்களில் பலர் பணியர்கள். கேரளத்து ஆதிவாசிகளில் அவர்களே அதிகம்.

முன்காலத்தில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் முதலாளி கொஞ்சம் பணம் கொடுப்பார். வாங்கிய குடும்பம் ஒரு வருடம் அவருக்கே உழைக்க வேண்டும். ஆள் பிடிக்கும் திருவிழா! கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது.

பள்ளிக்கூடமும் வந்தது. ஆனால் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். ஏன்?

வீட்டில் பேசுவது பணிய மொழி. பள்ளியில் மலையாளம். குழந்தை வாய் திறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். மறுநாள் அது வராது. மட்டாஞ்சேரியில் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

கே.ஜே. பேபி என்று ஓர் எழுத்தாளர். ஆதிவாசிகளின் துன்பத்தை 'நாடு கத்திகா' என்ற நாடகமாக எழுதியவர். அவரும் மனைவி ஷேர்லியும் 1994-ல் நடவயல் என்ற ஊரில் ஓர் இடத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'கனவு'. ஆதிவாசிப் பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள்.

மணி அடித்து வகுப்பு நடக்கும் பள்ளி அல்ல அது. பிள்ளைகள் வயலில் இறங்கினார்கள். விதைத்தார்கள், சமைத்தார்கள். எழுத்தும் கற்றார்கள். களரிப் பயிற்சி உண்டு. பெண் பிள்ளைகளும் களரியில் இறங்கினார்கள். துடி என்ற பறை உண்டு. பாட்டி, தாத்தா பாடிய பாட்டுகளைப் பிள்ளைகள் பாடினார்கள். ஊர் ஊராகப் போய் மேடையில் ஆடினார்கள். எந்த மொழியைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்களோ, அதே மொழிப் பாட்டுக்குக் கைதட்டினார்கள்.

"சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வயல் வேலை தெரிந்த பையனுக்கும் அரசு வேலைக்குத் தேர்வு உண்டு. ஆனால் பயந்து ஓடிய பிள்ளைக்கு எந்தச் சான்றிதழும் கிடைக்காது. முதலில் பிள்ளை பயமில்லாமல் உட்கார வேண்டும். அதைக் 'கனவு' செய்து காட்டியது.

பின்னாளில் பேபி நிர்வாகத்தை அங்கே வளர்ந்த பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டார். படிக்க வந்தவர்களே பொறுப்பாளர்கள் ஆனார்கள். இப்படிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? பேபி 2024-ல் காலமானார்.

2017-ல் கேரள அரசு வயநாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் 'கோத்ர பந்து'. ஆசிரியர் பயிற்சி பெற்ற ஆதிவாசி இளைஞர்கள் வகுப்பில் துணைக்கு இருப்பார்கள். முதல் நாள் அழுதுகொண்டு வரும் குழந்தையிடம், அதன் வீட்டு மொழியிலேயே "வா, உட்கார்" என்று சொல்ல ஆள் வந்தது.